காளானும் கடவுள் காட்சியும்



விடுமுறை வந்தால் நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பிள்ளைகள் பலர் கோடைக்கானலுக்குப் போய் வருகிறார்கள். சலேத் மாதா கோவிலைச் சந்தித்துத் திரும்புகிறவர்களும் உண்டு. அம்மலைப் புல்வெளிகளில் மழைக்குப் பின் முளைக்கும் ஒருவகைக் காளானைத் தேடுகிறவர்களும் உண்டு. ‘மேஜிக் மஷ்ரூம்’ அல்லது போதைக் காளான் என்பார்கள். அதை விற்றவர்கள் கைதான செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

வெறும் போதைக்காகவே தின்றால், குடியைப் பற்றி நாம் முன்பே கற்ற பாடம் போதும். ஆனால் சிலர், “அதில் கடவுளைக் கண்டோம்” என்கிறார்கள். அதைக் கேட்ட பிள்ளை, “நான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிவதில்லையே!” என்று மனம் தளர்கிறது. அந்தப் பிள்ளைக்காகவே இந்தப் பாடம்.

வினா: இக்காளான் என்ன செய்கிறது?

விடை: அதிலுள்ள சிலோசைபின் என்னும் பொருள் உடலில் சிலோசினாக மாறி மூளையில் வேலை செய்கிறது. ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரம் நிறமும் காலமும் மாறித் தோன்றும். ‘நான்’ என்ற உணர்வே கரைவது போலிருக்கும். சிலருக்கு அது பேரானந்தம். சிலருக்குப் பெரும் பயம். மனநோய் உள்ள குடும்பத்தாருக்குப் புத்தி பேதலிக்கும் அபாயம் அதிகம். நச்சுக் காளானை இதுவென்று எண்ணித் தின்றால் ஈரல் கெட்டு உயிரே போகலாம்.

வினா: அப்படியானால் அந்த அனுபவம் பொய்தானா?

விடை: அனுபவித்தவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டியதில்லை. 1962-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று, அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகக் கோவிலில், வால்ட்டர் பான்கே என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 20 வேதசாஸ்திர மாணவர்களில் 10 பேருக்குச் சிலோசைபினும், மற்றவர்களுக்கு வேறொரு மருந்தும் கொடுத்தார். சிலோசைபின் உண்டவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த பக்தி அனுபவம் அடைந்ததாகக் கூறினர். ஆனால் ஒருவர் நிலைகலங்கியதால் அவரை அமைதிப்படுத்த மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் அறிக்கையில் சொல்லப்படாத இவ்விஷயம் 1991-இல் வந்த மறு ஆய்விலேயே வெளிப்பட்டது.

இதிலிருந்து அறிவதென்ன? உருக்கமும் ஒளியும் மருந்தாலும் உண்டாகலாம். ஆகையால் அவை இருப்பதைக் கொண்டே சர்வேசுரன் வந்தார் என்றோ, இல்லாததைக் கொண்டே அவர் வரவில்லை என்றோ தீர்ப்பிடலாகாது.

வினா: மெய்யான தேவ அனுபவத்தை எதனால் அறிவது?

விடை: அதன் கனியால். நம் ஆண்டவர் மரத்தைக் காட்டிக் கற்பித்ததும், அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதியதும் இதுவே. அர்ச். சிலுவை அருளப்பர், காட்சிகளை நாட வேண்டாம். வந்தாலும் பற்றிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார். கல்கத்தா அன்னை தெரேசாவைப் பாருங்கள். பல்லாண்டுகள் அவருடைய உள்ளம் இருளிலும் வறட்சியிலும் இருந்ததென்று 2007-இல் வெளியான அவர் கடிதங்கள் காட்டின. அந்த இருளோடேதான் அவர் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி எடுத்தார். 2016-இல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது.

வினா: தேவ வரத்தை விலைக்கு வாங்கலாமா?

விடை: மந்திரவாதி சீமோன் இஸ்பிரீத்து சாந்துவின் வரத்தைப் பணத்துக்குக் கேட்டான், அர்ச். இராயப்பர் அவனைக் கடிந்துகொண்டார். (அப்போஸ்தலர் நடபடி, 8-ஆம் அதிகாரம்.) வரப்பிரசாதம் கொடை. அதை விழுங்கி வரவழைக்க முடியாது.

வினா: வைத்தியர்களே இதை ஆராய்கிறார்களே?

விடை: ஆம். கடுமையான மனச்சோர்வுக்கு இது உதவுமா என்று வைத்தியர் மேற்பார்வையில் ஆராய்ச்சி நடக்கிறது. மெய்யான வைத்தியத்தைத் திருச்சபை தடுப்பதில்லை. ஆனால் வைத்தியத் தேவையின்றிப் போதைப்பொருள் உட்கொள்வது கனமான குற்றமென்று 1992-ஆம் ஆண்டு ஞானோபதேசம் (எண் 2291) போதிக்கிறது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் சிலோசைபின் உள்ளது.

பெற்றோரே, பிள்ளை இதைத் தின்றதாகச் சொன்னால் கை ஓங்காதீர்கள். முதலில் கேளுங்கள். தூக்கமின்மையோ பயமோ தொடர்ந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். கடவுளைக் காண வேண்டுமென்ற தாகம் நல்லது. அதை ஏளனம் செய்யாதீர்கள்.

இவ்வாரப் பயிற்சி: குடும்ப ஜெபத்தின் முடிவில் 5 நிமிஷம் மௌனமாயிருங்கள். ஒன்றும் உணராவிட்டாலும் எழுந்திராதீர்கள். பின்பு உங்கள் தெருவிலுள்ள நோயாளி ஒருவரைப் பிள்ளைகளோடு போய்ச் சந்தியுங்கள்.