வில்லுப்பாட்டில் எல்லாருக்கும் இடம் உண்டு

எந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். வரவேற்பு நடனத்தில் ஆடும் பிள்ளைதான் பேச்சுப் போட்டியிலும் பரிசு வாங்கும். நன்றியுரையும் அதுவே சொல்லும். ஆறாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கினால் எட்டு வரை அந்தப் பெயர் நிற்கும். மற்றவர்கள் கைதட்டப் பழகிவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் எனக்கு, முதலில் உடைக்க வேண்டியது இந்த வழக்கம்தான் என்று பட்டது.

அதற்கு எனக்குக் கைகொடுத்தது வில்லுப்பாட்டு. கோயில் கொடை விழாக்களில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கலை. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் நம் மாவட்டத்துக்காரர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எடுத்துக்கொண்ட கதை தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை எட்டு அணைக்கட்டுகள். குழுவுக்கு ஓர் அணைக்கட்டு. அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பாட்டாக எழுதிவர வேண்டும்.

வில்லுப்பாட்டில் பாடத் தெரிந்தவர் மட்டும் போதாது. வீசுகோல் அடிக்க, உடுக்கை, தாளம், குடம் தட்ட, சொல்லுக்குச் சொல் ‘ஆமா’ போட என்று பல ஆள் வேண்டும். பெஞ்சைத் தட்டாதே என்று எல்லா ஆசிரியரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையனிடம் குடம் போனது. அவன் தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமிக்கு ‘ஆமா’ போடும் வேலை. நாலாவது ஒத்திகையில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, “ஆமா, அப்புறம் அந்தத் தண்ணி எங்கண்ணே போச்சு?” என்று இடையில் கேட்டாள். கதை அங்கேதான் சூடு பிடித்தது. வாசிக்கத் திணறும் இன்னொரு பையனின் அப்பா ஊரில் வயலுக்கு நீர் பாய்ச்சுபவர். எந்த மடை எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாளாகும் என்று அவன் சொல்லச் சொல்ல, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் அது, எனக்கும் புதிது.

அடுத்த கதைக்கு வேலைகளை மாற்றிவிட வேண்டும். இதில் கறாராக இருங்கள். நன்றாகப் பாடும் பிள்ளை ஒருமுறை குடம் தட்டட்டும். இல்லாவிட்டால் பழைய வழக்கம் புது வேடத்தில் திரும்பி வந்துவிடும்.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். ‘வெரி குட்’ என்ற சொல் பிள்ளையிடம் ஒன்றும் சேர்ப்பதில்லை. “மூன்றாவது அடியில் வேகத்தைக் குறைத்தாயே, அப்போதுதான் வெள்ளம் வடிந்தது புரிந்தது” என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை மறுநாள் வேறொன்றை முயன்றுகொண்டு வரும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா நல்ல வாய்ப்பு. ஆனால் வட்டாரப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற கவலை முதல் நாளே வந்துவிடுகிறது. பள்ளி அளவில் எல்லாரையும் ஏதேனும் ஒன்றில் சேருங்கள். தேர்வாகாதவர்களின் நிகழ்ச்சியைக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருமுறை நடத்துங்கள். ‘டோட்டோ-சான்’ நூலில் வரும் தலைமையாசிரியர் கோபயாஷி, கைகால் வளராத மாணவன் வெல்லும்படியாகவே விளையாட்டு விழாப் போட்டிகளை அமைத்திருந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போட்டியை வகுத்தவர் அவர். நாம் போட்டியை வகுத்துவிட்டுப் பிள்ளையைத் தேடுகிறோம்.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். தாமிரபரணிக் கதைக்குத் தனி நேரம் ஒதுக்கவில்லை. சமூக அறிவியலும் தமிழும் அதற்குள்ளேயே நடந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு வேண்டிய செயல்பாடும் அதுவே.

கடைசியாக ஒரு நோட்டு. வகுப்பிலுள்ள எல்லாப் பெயர்களையும் எழுதி, எதிரே அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைக் குறித்துவையுங்கள்: பழுதான டார்ச்சைச் சரிசெய்தான், தம்பிக்குக் கதை சொல்கிறாள், கோலத்தில் புள்ளி தப்பாது. மாதம் ஒருமுறை திறந்தால், சில பெயர்களுக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அடுத்த வேலையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.