பழைய ஃப்ரெண்டிடம் மன்னிப்பு கேட்கணுமா? அக்காவின் 6 டிப்ஸ்

ஏழாம் வகுப்பில், டூருக்காக வசூலித்து வைத்திருந்த பணத்தில் இருபது ரூபாயை எடுத்து சென்ட் ரப்பர் வாங்கினேன். டீச்சர் விசாரித்தபோது, "பி.டி. பீரியட்ல இவ மட்டும்தான் கிளாஸ்ல இருந்தா மிஸ்" என்று என் உயிர்த் தோழியைக் கைகாட்டினேன். காய்ச்சலில் டெஸ்க்கில் தலை சாய்த்துக் கிடந்தவளை வராண்டாவில் முட்டி போட வைத்தார்கள். மறுநாள் அவள் அப்பா வந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு 21 வருஷம் ஆனது. பட்டுத் தெரிந்ததைச் சொல்றேன், கேட்டுக்கோங்க தங்கச்சிகளா, தம்பிகளா.

1. திடீர் வெறுப்பைச் சந்தேகப்படுங்க

அடுத்த வாரமே, "இவ பேசிக்கிட்டே இருக்கா மிஸ்" என்று சொல்லி இடம் மாறி உட்கார்ந்தேன். காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) நாவலில் காபூல் சிறுவன் அமீரும் இதைத்தான் செய்கிறான். தன் தோழன் ஹசனுக்கு நடந்த கொடுமையை மறைந்து நின்று பார்த்தவன், அப்புறம் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், தன் வாட்சையும் பணத்தையும் அவன் மெத்தைக்கு அடியில் வைத்துத் திருட்டுப்பட்டம் கட்டுகிறான். ஒருத்தரை நாம் நோகடித்துவிட்டால், அவரைப் பார்ப்பதே நமக்குத் தண்டனையாகிவிடும். அதை அவர் மேல் கோபம் என்று நினைச்சுக்காதீங்க.

2. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்க

"ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு" என்பது கல்யாண வீட்டு உபசாரம். "பணத்தை எடுத்தது நான். பழியை உன் மேல போட்டேன்." இவ்வளவுதான் பேச்சு. "சின்ன வயசு, தெரியாம..." என்று இழுக்காதீங்க.

3. அங்கே போய் அழாதீங்க

நீங்க அழுதால் அவள் உங்களுக்குத் தண்ணீர் எடுத்து வர வேண்டியிருக்கும். அழுகையை பஸ்ஸிலேயே முடிச்சுக்கோங்க. நான் சொல்லி முடித்ததும் அவள் சொன்னது: "அப்பவே தெரியும்டி. உன் கையில ரப்பர் வாசம் அடிச்சுது."

4. பொய் போன இடமெல்லாம் உண்மையும் போகணும்

"எங்கிட்ட சொல்லி என்ன? எங்க அம்மாகிட்ட சொல்லு" என்றாள். சமையலறை வாசலில் நின்று சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினார். "அன்னிக்கு இவளை விறகுக் கட்டையால அடிச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல். அவர்களுக்குள் 21 வருஷமாகக் கிடந்த முள் அது. தோழியிடம் மட்டும் ரகசியமாக மன்னிப்பு கேட்டிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும்.

5. பதிலை வசூல் பண்ணாதீங்க

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்கவே கேட்காதீங்க. கதவைச் சாத்தினால் அது அவர் உரிமை. பேச விரும்பாதவருக்கு ஒரே ஒரு கடிதம் போதும். பொதுவான நண்பர்களைத் தூது விடாதீங்க. பழைய நட்பு திரும்பும் என்ற கணக்கோடும் போகாதீங்க. என் தோழி இப்போது பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அவ்வளவுதான். அது குறைச்சல் இல்லை.

6. தள்ளிப் போடாதீங்க

அமீர் வளர்ந்து, தாலிபான் ஆட்சியில் ஊர் திரும்பும்போது ஹசன் உயிரோடு இல்லை. அவன் மகன் சொராப்பைத் தேடித்தான் போகிறான். வழியில் தனக்குச் சோறு போட்ட ஏழை வீட்டில், யாருக்கும் தெரியாமல் மெத்தைக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்புகிறான். பழைய பாவம் செய்த அதே கைதான் அதையும் செய்கிறது. ஆள் போய்விட்டாலும் அவர் பிள்ளைகளுக்கோ, அதே நிலையில் நிற்கும் வேறொருவருக்கோ செய்ய ஏதாவது மிச்சமிருக்கும்.

ஆனால் அது இரண்டாம்பட்சம்தான். அந்த இருபது ரூபாயைக் கட்டிய அப்பாவிடம், "உங்க பொண்ணு திருடலை" என்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் போவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார்.