உருளைக்கிழங்கு வரி யாருக்கு?

வர்த்தக சகோதரர்களே, ஹட்டனிலுள்ள என் கடையில் நுவரெலியாக் கிழங்கும் உண்டு, புறக்கோட்டையிலிருந்து வரும் இறக்குமதிக் கிழங்கும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், இறக்குமதிக் கிழங்கு வரி வர்த்தமானி மூலம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

அறுவடை நேரத்தில் கூட்டினால், விதைக்கிழங்கையும் உரத்தையும் கடனுக்கு வாங்கிய நுவரெலியா, வெலிமடை விவசாயி தப்புவார். உள்ளூர்க் கிழங்கு குறைந்த பின்னும் அதே வரி நீடித்தால்? சுமை தோட்டத் தொழிலாளிக்கு. ஒரு கிலோ வாங்கியவர் அரைக் கிலோ கேட்பதை என் தராசில் காண்கிறேன். இலாபம், வரி கூடுமுன் இறக்கி வைத்தவருக்கு. ஒருமுறை பழைய கையிருப்பைப் புதிய விலைக்கு நானும் விற்றேன், மறைப்பதற்கில்லை.

வரியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அறுவடை மாதங்களுக்கு மட்டும், முன்கூட்டியே அறிவித்துக் கூட்டினால் விவசாயிக்கு அது போதும். நாமும் கொள்வனவைத் திட்டமிடலாம்.