இஞ்சியும் வேர்க்கொம்பும்

திருவிழாக் காலத்தில் தாகசாந்தி நிலையத்து மோரில் இஞ்சி மணக்கும். தடிமன், காய்ச்சல் என்றால் வீட்டில் வேர்க்கொம்பும் மல்லியும் அவியும். இரண்டும் ஒரே கிழங்குதான்; ஆனால் குணம் சற்று வேறு.

பச்சை இஞ்சியின் உறைப்புக்கு முக்கிய காரணம் ஜிஞ்சரோல் என்னும் பொருளாகும். இஞ்சி காயும்போது இதில் ஒரு பகுதி நீர் மூலக்கூறை இழந்து ஷோகாவோலாக மாறுகின்றது. இஞ்சியைக் குறிக்கும் ‘ஷோகா’ என்ற யப்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜிஞ்சரோலிலும் ஷோகாவோல் உறைப்புக் கூடியது. வேர்க்கொம்பு காரமாயிருப்பது இதனாலேயே.

இப்பொருட்கள் இரைப்பையிலிருந்து உணவு விரைவாக நகர உதவுவதோடு குமட்டலையும் தணிக்கின்றன. கர்ப்பகாலக் குமட்டல் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் வேர்க்கொம்புத் தூளே கொடுக்கப்பட்டது. அதிலேயே பலருக்குக் குமட்டல் குறைந்தது. எனவே கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேட்டு அளவோடு எடுக்கலாம்.

அளவு மிஞ்சினால் நெஞ்செரிவு உண்டாகும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் போன்ற குளிசை எடுப்போர் கறிக்கு இடும் இஞ்சிக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் தூளாகவோ சாறாகவோ தினமும் கூடுதலாக எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்பது அவசியம். இஞ்சியை நம்பிக் குளிசையை நிறுத்துவது அதனிலும் ஆபத்தானது.

இஞ்சி நல்ல துணை, வைத்தியருக்குப் பதிலாகாது.