கையைச் சுடும் போன்

2022 மே மாதம். அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே என்பதால் மதியம் மூன்று மணிக்குச் சுவரைத் தொட்டாலே சுடும். பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருந்தேன். எராங்கல் மேப், கடைசி வட்டம், எதிரில் மூன்றே பேர். திரை சட்டென்று மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டலாம் என்று பட்டையை இழுத்தேன், நகரவில்லை. படம் விட்டு விட்டு ஓடியது. விரலை நகர்த்தி அரை நொடி கழித்துத்தான் துப்பாக்கி திரும்பியது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. போனின் முதுகைத் தொட்டேன். இட்லிப் பானையின் மூடியைத் தொட்டது போல இருந்தது.

28,000 ரூபாய் கொடுத்து வாங்கி இரண்டே மாதம் ஆன போன். மறுநாள் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் போன் பழுது பார்க்கிறார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஹாட் ஏர் கன், விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, அவ்வளவுதான்.

“அண்ணே, ஹீட் ஆகி ஹேங் ஆகுது. போர்டு பிராப்ளமான்னு பாருங்க.”

“ஆடும்போது சார்ஜ்ல போட்டிருந்தீங்களா தம்பி?”

“ஆமாண்ணே, பேட்டரி 20-க்கு வந்திருந்துச்சு.”

“இந்தப் பவுச்சோடவா?”

தடித்த ரப்பர் பவுச். தரையில் விழுந்தாலும் உடையாது என்று 600 ரூபாய்க்கு வாங்கியது. அவர் அதைக் கழற்றினார், போனை டேபிள் ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிடம் வைத்தார், பிறகு என் கையில் கொடுத்து ஒரு மேட்ச் ஆடச் சொன்னார். ஒரு தடங்கலும் இல்லை.

“போன்ல ஒண்ணும் இல்ல தம்பி. போர்வை போத்தி அடுப்புல உக்காத்தி வச்சா யாருக்கா இருந்தாலும் மூச்சு முட்டும்.”

காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குமுன் பத்து ஆண்டுகளாக ராம் எத்தனை ஜிபி, கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பிராசஸரின் பெயர் என்ன என்று பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தவன் நான். சூட்டைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து போன் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் சூட்டில்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

பெரும்பாலான போன்களுக்குள் காற்றாடி கிடையாது. பிராசஸர் கக்கும் சூடு முதுகு வழியாகவும் திரை வழியாகவும்தான் வெளியேற வேண்டும். வெளியேற முடியாவிட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையும் மங்கும். அது கோளாறு இல்லை, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் நிறுவனம் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. மே மாதச் சென்னையில் போனை ஆன் செய்யும் முன்பே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். அதன்மேல் விளையாட்டுச் சூடு, சார்ஜ் ஏறும் சூடு, பலவீனமான சிக்னலைப் பிடிக்க மோடம் திணறும் சூடு எல்லாம் சேர்கின்றன. நான்கில் இரண்டையாவது குறைத்தால் போதும், வித்தியாசம் கைக்கே தெரியும்.

நான் செய்தது இதுதான். ஆடும்போது பவுச்சைக் கழற்றி வைக்கிறேன். சார்ஜில் போட்டபடி ஆடுவதை அடியோடு விட்டேன். வீட்டில் மொபைல் டேட்டாவுக்குப் பதில் வைஃபை, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ். கிராபிக்ஸை ‘ஸ்மூத்’ அளவில் வைத்து, பிரேம் ரேட்டை 60-இல் நிறுத்திவிட்டேன். 90 கிடைக்கிறதே என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் பத்து நிமிடம் 90 ஓடி, பிறகு 45-க்கும் 70-க்கும் நடுவே ஊசலாடுகிற போனைவிட, கடைசி வட்டம் வரை அசையாமல் 60 தருகிற போனில்தான் குறி தப்பாது. கை பழகுவது வேகத்துக்கு அல்ல, சீருக்கு.

சில கேமிங் போன்களிலும் சாம்சங்கின் சில மாடல்களிலும் பைபாஸ் சார்ஜிங் என்று ஒரு வசதி உண்டு. ஆடும்போது சார்ஜரின் மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகப் போனை ஓட்டும். நீண்ட நேரம் ஆடுகிறவர்கள் அடுத்த போன் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

முதுகில் கவ்விக்கொள்ளும் கூலர் ஃபேன் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு குளிர்த்தகடு இருக்கும் வகை. குளிர்ச்சி உண்மைதான். ஆனால் நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அரை மணி நேரத்துக்குள் தகட்டில் நீர் முத்து முத்தாகப் பூத்துவிடுகிறது. மின்சாதனத்தின் முதுகில் தண்ணீர் எதற்கு? வெறும் டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்காருவதே நல்லது. சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். சார்ஜ் பின் லூசாக இருக்கிறது, ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று புது கேபிள், புது சார்ஜர், கடைசியில் புது போர்ட் என்று செலவு செய்கிறவர்கள் நிறைய. என் அப்பாவின் போன் அப்படித்தான் இருந்தது. போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் போர்ட்டுக்குள் பார்த்தேன். கடைசியில், சுவர் போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. மரத்தாலான பல்குச்சியின் முனையைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, நடுவில் இருக்கும் நாக்கைத் தொடாமல், ஓரமாக மெல்லக் கிளறினேன். சட்டைப் பையின் பஞ்சு வந்தது. ஒரு மிளகு அளவுக்கு, அழுத்தி அழுத்தி அட்டை மாதிரி ஆகியிருந்தது. பிறகு கேபிளைச் செருகினால் ‘டக்’கென்று உட்கார்ந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகம் எதையும் உள்ளே விடாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

சார்ஜர் வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு. முதலாவது, அதன்மேல் இந்தியத் தரநிலை அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரித்தவர் யார் என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவேன். இரண்டாவது, நம் போன் எந்த முறையில் வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பது. 65 வாட், 80 வாட் என்று சொல்லும் பல போன்கள் தங்கள் சொந்த சார்ஜரிலும் சொந்த கேபிளிலும் மட்டுமே அந்த வேகத்தைத் தொடும். வேறு 65 வாட் சார்ஜரில் போட்டால் 10, 15 வாட்டில் ஊரும். பிடி, பிபிஎஸ் என்ற பொது முறைகளை ஏற்கும் போனாக இருந்தால், ஒரே சார்ஜரை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம். டைப்-சி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நுழைகிறது என்பதால் உள்ளே ஓடும் முறையும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

பவர் பேங்க் வாங்கியவர்கள் பலரும் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்றவில்லையே என்று. அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. மொத்தம் 37 வாட் ஹவர். 5 வோல்ட்டாக மாற்றி வெளியே அனுப்பும்போது எண்ணிக்கை குறையும், கொஞ்சம் சூடாகவும் போய்விடும். ஒன்றரை முறை ஏறினாலே நல்ல பவர் பேங்க்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

டெம்பர் கிளாஸ் மேல் எழுதியிருக்கும் 9எச் பற்றியும் ஒரு வார்த்தை. அது பென்சில் கடினத்தின் அளவு. வைரத்துக்கு அடுத்தபடி என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடியைக் கீறுவது பெரும்பாலும் சாவியோ சில்லறையோ அல்ல, மணல்தான். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. மெரினாவுக்குப் போய்விட்டு வந்த பேண்ட்டின் பையை ஒருமுறை உதறிவிட்டுப் போனை வையுங்கள். டெம்பர் கிளாஸுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அது உடைவதற்காகவே ஒட்டுவது.

காதுக்கு, விளையாட்டு என்றால், இன்றும் வயர் உள்ள இயர்போன்தான். சாதாரண புளூடூத் இயர்பட்ஸில் ஒலி 100, 200 மில்லி நொடி தாமதித்து வரும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது. மாடிப்படியில் ஏறிவரும் காலடிச் சத்தம் அவ்வளவு பிந்தி வந்தால், ஆள் கதவுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

செயலிகளில் என் கொள்கை கடுமையானது. ராம் கிளீனர், பேட்டரி சேவர், பூஸ்டர் என்ற பெயரில் வரும் எதையும் என் போனில் விடுவதில்லை. பின்னணியில் இருக்கும் செயலிகளை அவை அடித்து மூடும். மூடிய செயலிகள் மறுபடி முதலிலிருந்து திறக்கும். அதற்கே பேட்டரி செலவாகும், சூடும் ஏறும். அந்த வேலையைத் தானே செய்ய ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை அனுமதிகளைப் பார்த்து, கால்குலேட்டருக்கு எதற்குத் தொடர்பு எண்கள் என்று கேள்வி கேட்டு எடுத்துவிடுகிறேன்.

புதுப் போன் வாங்கியதும் நான் முதலில் ஏற்றுவது செல்லினம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005-இல், ஸ்மார்ட்போன்கள் பரவுவதற்கு முன்பே, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்த செயலி. அதிலுள்ள தமிழ் 99 விசைப்பலகையில் பழகி, இப்போது ஆங்கிலத்தைவிட வேகமாகத் தமிழில் தட்டுகிறேன். இந்தக் கட்டுரையின் முதல் வரைவும் ரயிலில் நின்றபடி அதில் அடித்ததுதான். தமிழில் பேசிவிட்டு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் தம்பி தங்கைகளிடம், இரண்டு வாரம் மட்டும் பழகிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அடுத்தது லிசெஸ். சதுரங்கம் ஆட இலவசம், விளம்பரமும் இல்லை, பழைய போனும் சூடாகாது.

விளையாட்டில் காசு போடுவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பப்ஜி மொபைலில் துப்பாக்கி ஸ்கின்னுக்கும் உடைக்குமாக ஏறத்தாழ 4,000 ரூபாய் போட்டிருந்தேன். 2020 செப்டம்பர் 2 அன்று தடை வந்தது. அக்டோபர் 30-இல் இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாகத் திரும்பியது, 2022 ஜூலை இறுதியில் ஸ்டோர்களிலிருந்து மறைந்தது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது, அந்த உடைகள் ஒருநாளும் என்னுடையவை அல்ல என்பது. இப்போது ஒருமுறை காசு கொடுத்தால் முழுதாகக் கிடைக்கும் விளையாட்டுகளையே வாங்குகிறேன். மானுமென்ட் வேலி, மினி மெட்ரோ, ஸ்டார்டியூ வேலி. பிரியாணி விலைதான். நெட் இல்லாத ஊரிலும் ஆடலாம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி வகையறாக்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியே தடை செய்துவிட்டது. வேறு பெயரில், வேறு லிங்க்கில் வந்தால் தொடவே தொடாதீர்கள்.

அந்த 28,000 ரூபாய் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு பேட்டரி மட்டும் மாற்றினேன், 1,800 ரூபாய் ஆனது. மாற்றும்போது ரிச்சி தெரு அண்ணன் தன் மேசைக்கடியில் இருந்த மணல் நிரப்பிய தகர டப்பாவைக் காட்டினார். உள்ளே உப்பிப்போன பேட்டரிகள் ஐந்தாறு கிடந்தன, அப்பளம் மாதிரி. எல்லாமே யாரோ மாதக்கணக்கில் கவனிக்காமல் பயன்படுத்தியவை.

உங்கள் வீட்டில் இருக்கும் போன்களை, குறிப்பாக அலமாரியில் கிடக்கும் பழைய போன்களையும் பாட்டி தாத்தா வைத்திருக்கும் போன்களையும், இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பவுச்சைக் கழற்றி மேசையில் மல்லாக்க வையுங்கள். கேமரா மேட்டினால் அல்லாமல் முதுகே தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், இன்னொரு முறை சார்ஜிலும் போடாதீர்கள். அணைத்துவிட்டு அப்படியே பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போங்கள்.