வாக்கில்லாத கதிரைக்கு ஒரு தேர்தல்

மாணவர் ட்ரஸ்டிக்கு வாக்கு இல்லை. ஒன்ராறியோ மாகாணக் கல்விச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: அவர் கல்விச்சபையின் உறுப்பினர் அல்ல, அவர் கை உயர்த்தினாலும் உயர்த்தாவிட்டாலும் சபையின் முடிவு மாறாது. பிறகு ஏன் இதற்கு வேட்புமனு, பிரசாரம், சுவரொட்டி, பேச்சு எல்லாம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ரொறன்ரோ பெரும்பாகத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பாடசாலையில் மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியையாகப் பல வருடங்கள் இருந்தவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். தேர்தலில் நிற்க முன்னமே சட்டத்தை வாசித்திருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் புதிதாகத் தெரியவருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த மாகாணத்தில் 72 மாவட்டக் கல்விச்சபைகள் இருக்கின்றன. ஆங்கிலப் பொதுச் சபைகள், கத்தோலிக்கச் சபைகள், பிரெஞ்சுமொழிச் சபைகள் எல்லாம் சேர்த்து. நாலு வருடத்துக்கு ஒருமுறை மாநகரசபைத் தேர்தலோடு மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறவர்கள்தான் ட்ரஸ்டிமார். அவர்களோடு ஒன்று முதல் மூன்று மாணவர்களும் அமருகிறார்கள். அந்த மாணவர்களின் பதவிக்காலம் ஓகஸ்ட் முதலாம் திகதி தொடங்கி அடுத்த யூலை கடைசியோடு முடியும். சில சபைகள் இரண்டு வருடம் கொடுக்கின்றன. பதவி ஏற்கிற வருடத்தில் 11ஆம் அல்லது 12ஆம் வகுப்பில் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். ஆகவே தேர்தலில் நிற்கிறது பெரும்பாலும் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்.

நிற்க விரும்பும் பிள்ளையிடம் நான் முதலில் சொல்வது, வாக்காளர் யார் என்று கண்டுபிடி என்பது. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் சட்டம் இரண்டு வழிக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு சபையில் மாணவர்கள் எல்லாரும் நேரடியாக வாக்களிப்பார்கள். இன்னொரு சபையில் ஒவ்வொரு பாடசாலையின் மாணவர் மன்றமும் பிரதிநிதிகளை அனுப்ப, அவர்கள் ஒரு மண்டபத்தில் கூடிப் பேச்சுகளைக் கேட்டுத் தெரிவு செய்வார்கள். இரண்டும் ஒரே தேர்தல் அல்ல. நேரடித் தேர்தலில் பெரிய பாடசாலைப் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே முன்னிலை இருக்கிறது. சின்னப் பாடசாலையிலிருந்து வருகிறவர் மற்றப் பாடசாலைகளின் மன்றங்களோடு மாதக்கணக்கில் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். மண்டபத் தேர்தலில் இன்ஸ்டாகிராமும் சுவரொட்டியும் பெரிதாக உதவாது. அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே தங்கள் பாடசாலையில் ஒரு தேர்தலை வென்று வந்தவர்கள். வெறும் வாய்ச்சொல்லை அவர்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். அங்கே வெல்வதும் தோற்பதும் பேச்சுக்குப் பிறகு வருகிற கேள்வி நேரத்தில்தான்.

பேச்சைப் பற்றி ஒன்று. "நான் உங்கள் குரலாக இருப்பேன்" என்று தொடங்குகிற பேச்சை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எல்லாரும் அதையே சொல்வதால், கேட்கிறவர் மனதில் யாருடைய பெயரும் நிற்பதில்லை. அந்த வசனத்தை வெட்டி எடுத்துவிட்டு, கல்விச்சபை உண்மையாகவே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லு என்பேன். ஒன்று போதும்.

இங்கேதான் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். வகுப்பில் கைபேசித் தடையை எடுத்துவிடுவேன் என்று வாக்குறுதி கொடுப்பார்கள். 2024 செப்ரெம்பரில் வந்த அந்த விதி மாகாண அரசினுடையது; சபை அதைத் தூக்கி எறிய முடியாது. பட்டம் பெற இரண்டு பாடங்களை இணையவழியாகப் படிக்க வேண்டும் என்பதும் மாகாணத்தின் முடிவுதான். முதலில் நாலு பாடம் என்றுதான் அறிவித்தார்கள். 2019 ஏப்ரலில் மாணவர்கள் மாகாணம் முழுவதும் வகுப்பைவிட்டு வெளியே வந்ததும் இதற்கும் வகுப்பு அளவைக் கூட்டுவதற்கும் எதிராகத்தான். அந்தப் போராட்டம் நடந்தது மாகாணச் சட்டமன்றம் இருக்கிற குயீன்ஸ் பார்க்கை நோக்கி. கல்விச்சபையின் மேசையில் அதைத் தீர்க்க வழி இருக்கவில்லை. பணமும் அப்படித்தான். 1998க்குப் பிறகு சபைகள் தாமாக வரி விதிக்க முடியாது, மாகாணம் கொடுப்பதற்குள்தான் சமாளிக்க வேண்டும். எல்லாப் பாடசாலைக்கும் புதிய உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு பிள்ளை மேடையில் சொன்னால், கீழே இருக்கிற நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

சபையின் கையில் இருப்பது எது? பாடசாலை எல்லைகள், சிறப்புத் திட்டங்களுக்கு யாரை எப்படிச் சேர்ப்பது, பேருந்துக் கொள்கை, கட்டடங்களின் பராமரிப்பு வரிசை, மாணவர் நலனுக்கு ஒதுக்கிய பணத்தை எங்கே செலவழிப்பது. கவர்ச்சி இல்லாத பட்டியல்தான். அதனால்தான் அதைப் பற்றிப் பேசுகிற பிள்ளை தனித்துத் தெரியும்.

இனி வாக்கில்லாத அந்தக் கதிரையின் பலத்துக்கு வருகிறேன். 2006இல் திருத்தப்பட்ட சட்டம் மாணவர் ட்ரஸ்டிக்கு இரண்டு கருவிகளைக் கொடுத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் பதவிக்காலம் முழுவதும் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒன்று, எந்த விடயத்திலும் பெயர் பதிந்து வாக்கெடுக்கும்படி கேட்கலாம். கேட்டால் இரண்டு வாக்கெடுப்பு நடத்த வேண்டும்: மாணவரின் வாக்கையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாத ஒன்று, உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்கிற, முடிவைத் தீர்மானிக்கிற மற்றது. அப்போது ஒவ்வொரு உறுப்பினரும் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகும். அடுத்த தேர்தலில் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய ஒருவருக்கு அது சின்ன விடயம் அல்ல. மற்றது, மாணவர் ட்ரஸ்டி தானாகத் தீர்மானம் கொண்டுவர முடியாது, ஆனால் தீர்மானத்தை முன்மொழியும்படி ஆலோசனை சொல்லலாம். எந்த உறுப்பினரும் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், இப்படி ஒரு ஆலோசனை வந்தது என்பது கூட்டறிக்கையில் ஏற வேண்டும்.

கூட்டறிக்கையில் ஏறுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, கழிப்பறைகளில் சானிட்டரி நாப்கின் இலவசமாக வைக்க வேண்டும் என்று ஆலோசனை வைத்தாள். மேசையைச் சுற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது கூட்டறிக்கையில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது, அவளும் பல்கலைக்கழகம் போய்விட்டாள். அடுத்து வந்த பையன் பழைய கூட்டறிக்கைகளை வாசிக்கிற பழக்கம் உள்ளவன். அந்த வரியைத் தூக்கிக்கொண்டு உறுப்பினர்களில் ஒருவரிடம் போனான், எழுத்தில் உள்ளதை மறுப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது, தீர்மானம் மேசைக்கு வந்தது. பிறகு 2021இல் மாகாண அரசே எல்லாச் சபைகளுக்கும் இலவசமாக நாப்கின் கிடைக்கும் என்று அறிவித்தது. அந்த ஒரு வரிதான் மாகாணத்தை அசைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாகாணம் அசைவதற்கு முன்னரே எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே வாக்களிக்கப் போகிற மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற கேள்வி இது: "கடைசியாக நடந்த சபைக் கூட்டத்தைப் பார்த்தாயா? அதிலே உனக்கு விளங்காத ஒரு விடயத்தைச் சொல்லு." பல சபைகளின் கூட்டங்களை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். பார்த்தவரிடம் விளங்காத விடயங்கள் நிறையவே இருக்கும். பார்க்காதவர் எல்லாம் விளங்கும் என்பார். அழகாகப் பேசுகிற எத்தனையோ வேட்பாளர்களின் முகம் இந்தக் கேள்வியில் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிப் பெற்றோருக்கு. எங்கள் வீடுகளில் இரண்டு வகையான பேச்சு வரும். ஒன்று, "படிக்கிற பிள்ளைக்கு இந்த அரசியல் என்னத்துக்கு, ரீச்சர்?" மற்றது, "யூனிவர்சிற்றிக்குப் போட நல்லம்தானே, ரீச்சர்?" இரண்டாவதைச் சொல்கிறவர்கள்தான் எனக்குக் கூடக் கவலை தருவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக மட்டும் நின்ற பிள்ளை, ஜனவரி நடுப்பகுதியில் விண்ணப்பத் திகதி முடிந்ததும் கூட்டங்களுக்கு வருவது குறையும். சபையின் பெரிய வேலையான அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் சூடு பிடிப்பது வசந்த காலத்தில்தான். அந்த நேரம் பார்த்து மாணவர் கதிரை வெறுமையாகக் கிடக்கும்.

முதல் வகைப் பெற்றோருக்குப் பதில் சொல்வது எளிது, ஏனென்றால் அவர்களின் பயம் நியாயமானது. கூட்டங்கள் மாலையில் தொடங்கி இரவு வரை இழுபடும். நிகழ்ச்சிநிரலும் இணைப்புகளும் நூற்றுக்கணக்கான பக்கங்களாக வந்து குவியும். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் பரிந்துரை என்று ஒரு பந்தி இருக்கும், அதை முதலில் வாசி. பிறகு செலவு எவ்வளவு என்ற பகுதி. மாணவரைத் தொடாத அறிக்கைகளை அங்கேயே மூடி வைத்துவிடலாம். மிச்சத்துக்கு ஒரு சனிக்கிழமைக் காலை போதும். இணையவழியாகக் கூட்டத்தில் சேர வழி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், பனிக்காலத்தில் அது பெரிய உதவி.

காசு விடயம் வெளிப்படையாகவே பேசப்பட வேண்டும். முழுப் பதவிக்காலத்தையும் முடிக்கிற மாணவர் ட்ரஸ்டிக்கு 2,500 டொலர் மதிப்பூதியம் உண்டு. இடையில் விட்டால் அதற்கேற்பக் குறையும். கைச்செலவுகளைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. வீட்டில் காரோ வேலைக்குப் போகாத பெற்றோரோ இல்லாத பிள்ளை, "எனக்கு இது சரிவராது, மிஸ்" என்று தானாகவே ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தச் செலவு விடயம்தான்.

இன்னொன்றையும் முன்னமே சொல்லி வையுங்கள். ஒரு ஆசிரியரையோ மாணவரையோ பெற்றோரையோ பற்றிய அந்தரங்க விடயங்கள் பேசப்படும் மூடிய அமர்வில் மாணவர் ட்ரஸ்டி இருக்க முடியாது. எழுந்து வெளியே போக வேண்டும். தெரியாமல் போன பிள்ளைக்கு அது அவமானமாகப் படும். வீட்டுக்கு வந்து அழுத பிள்ளையின் தாய் என்னிடம் கோபமாகப் பேசினார். சட்டத்தைக் காட்டிய பிறகுதான் ஆறினார்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் வாக்களிப்பது பற்றியும் கேட்பார்கள். பாடசாலைக்குள் அது வேலை செய்யும். நாற்பது பாடசாலைகள் உள்ள சபையில் செய்யாது, செய்யவும் தேவையில்லை. 2006இல் நீதன் சான் யோர்க் வட்டாரக் கல்விச்சபைக்குத் தெரிவானது எங்களுக்கெல்லாம் பெருமை. அதே சபையில் இருந்த யுவனிதா நாதன் பிறகு மார்க்கம் மாநகரசபைக்கும், 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். அந்த மேசை எங்கே கொண்டுபோய்விடும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இவை நல்ல உதாரணங்கள்தான். ஆனால் தை மாதத் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சியில் பேசிய அதே பேச்சைத் தேர்தல் மேடையிலும் பேசுகிற பிள்ளையை நான் நிறுத்திவிடுவேன். சோமாலியப் பிள்ளைக்கும் பிலிப்பினோப் பிள்ளைக்கும் பேருந்து பிந்தித்தான் வருகிறது, அதைப் பேசு என்பேன்.

2025 யூனில் மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை உட்படச் சிலவற்றை மேற்பார்வையாளர் கையில் கொடுத்தது. மக்கள் தெரிவு செய்த ட்ரஸ்டிமாரே முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் இருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும் ஒரு மாணவன், "இப்ப அவையளும் எங்களைப் போலத்தான், மிஸ்" என்றான். சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு பிழை இருந்தது: வாக்கு இல்லாமல் ஒரு மேசையில் எப்படிக் காரியம் பார்ப்பது என்ற பழக்கம் மாணவர்களுக்குத்தான் இருந்தது.

தோற்ற பிள்ளைகளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சபைக் கூட்டங்களிலும் அதன் குழுக்களிலும் பேசுவதற்குப் பொதுமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். மாணவர் என்றாலும் தடையில்லை. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கொடுக்கிற நேரம் சில நிமிடங்கள்தான். கடைசித் திகதி ஒவ்வொரு சபைக்கும் வேறு, ஆகவே செயலாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது நல்லது. தேர்தலில் தோற்ற ஒரு பிள்ளை, தன் பேச்சில் வைத்திருந்த பேருந்து விடயத்தையே எழுதி அப்படிப் பதிவு செய்தாள். அவளைத் தோற்கடித்த மாணவர் ட்ரஸ்டி அன்று மேசையில் இருந்தான். அவள் பேசி முடித்ததும் பெயர் பதிந்த வாக்கெடுப்பைக் கேட்டது அவன்தான்.