ஆறாவது இடம்

சிறிய சாரணப் படையொன்றின் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கும் இளம் சாரண ஆசிரியருக்கு,

பத்துப் பன்னிரண்டு சிறுவர்களே எஞ்சியிருக்கும் ஒரு படையின் பொறுப்பை ஏற்கும் ஆசிரியரின் மனம் முதலில் எண்ணிக்கையை நோக்கிச் செல்வது இயல்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பு, தகவல் பலகையில் சுவரொட்டி, வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் என்று அவர் திட்டமிடத் தொடங்குவதிலும் வியப்பில்லை. இவற்றால் ஜூன் மாதத்தில் முப்பது பெயர்கள் சேரலாம். அவற்றுள் பல அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே உதிர்ந்துவிடுவதையும் அவர் காண நேரிடலாம். புதிய சிறுவனைப் படைக்கு அழைத்து வருபவனும் அங்கே அவனை நிலைக்கச் செய்பவனும் ஏற்கெனவே படையில் இருக்கும் மற்றொரு சிறுவனே என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டால், பின்னர் வரும் சோர்வு பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

சாரண இயக்கத்தின் பிறப்பே இதற்குச் சான்றாகும். 1907 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமில், வசதி படைத்தோர் பயிலும் பள்ளிகளிலிருந்தும் உழைக்கும் குடும்பங்களிலிருந்தும் வந்த சுமார் 20 சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிந்து ஒன்றாக வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு சாரணப் பயிற்சி பற்றிய அவருடைய நூல் இரு வாரத்திற்கு ஒரு பகுதியாக வெளிவந்தபோது, அதை வாங்கிப் படித்த சிறுவர்கள் தம் தெருவிலும் பள்ளியிலும் தாமாகவே அணி சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே தம்மை வழிநடத்த ஒரு பெரியவரைத் தேடிச் சென்றனர். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பேரணிக்குச் சிறுமியரும் அழைப்பின்றியே வந்து நின்றனர். சாரணியர் இயக்கம் அதன் விளைவாகவே உருவானது.

ஆகவே ஆள் சேர்ப்பின் அலகு படை அன்று, அணியே. அணி என்பது ஆறு முதல் எட்டுச் சிறுவர்கள் கொண்டு, அவர்களுள் ஒருவனையே தலைவனாக உடைய சிறு குழு. இத்தகைய அணிகள் சில சேர்ந்ததே படை. படைக்கு ஆள் போதவில்லை என்று ஆசிரியர் கூறும்போது அது அவருடைய கவலையாகவே நிற்கிறது. ஐந்து பேர் மட்டுமே உள்ள அணியோ, கூடாரம் அடிக்கும்போதும் சோற்றுப் பானையை இறக்கும்போதும் ஆறாவது கை இல்லாத குறையைத் தானே உணர்கிறது. யாரை அழைக்கலாம் என்ற கேள்வியை அணித்தலைவர்கள் கூடிப் பேசும் மாண்பு மன்றத்தின் முன் வைத்து, அவர்கள் சொல்லும் பெயருக்கு மதிப்பளிப்பதே ஆசிரியர் செய்யத்தக்கது. ஒரு படை 32 பேருக்கு மேற்படாதிருப்பது நலம் என்பதே பேடன் பவலின் கருத்தாகவும் இருந்தது. ஒவ்வொரு சிறுவனையும் அவனுடைய இயல்போடு அறிந்திருப்பது ஆசிரியரின் கடமை என்பதால், சிறிய படையை வைத்திருப்பவர் அதற்காக நாண வேண்டியதில்லை.

அழைத்து வரப்படும் சிறுவன் முதல் நாளில் எதைக் காண்கிறான் என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன. வரிசையில் நிற்பதும் உரை கேட்பதும் அவனுக்குப் பள்ளியிலேயே போதுமான அளவு கிடைக்கின்றன. அதற்கு மாறாக, அவனைவிட ஓராண்டே மூத்த ஒருவன் கயிற்றின் இரு முனைகளையும் அவன் கையில் கொடுத்து, வலத்தை இடத்தின்மேல் ஒருமுறையும் இடத்தை வலத்தின்மேல் மறுமுறையும் போடச் சொல்லி, கட்டுத்துணியை முடியப் பயன்படும் ரீஃப் முடிச்சைக் கற்பிக்கட்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணலாகி நழுவுவதையும், சரியாகப் போட்டால் தட்டையாகப் படிந்து நிற்பதையும் அவன் தன் விரல்களாலேயே அறிகிறான். அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்று தாயின் புடவை ஓரத்திலோ தம்பியின் காலணிக் கயிற்றிலோ அதைப் போட்டுப் பார்ப்பானாயின், எந்தச் சுவரொட்டியாலும் ஆகாத காரியம் நிறைவேறிவிட்டது எனலாம்.

வாசல் திறந்திருப்பதாகத் தோன்றும்போதும் அது சிலருக்கு மூடியிருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறத்தல் ஆகாது. இந்தியாவில் இவ்வியக்கம் 1909-இல் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே அதில் இடம் இருந்தது; அந்த நிலையில்தான் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் தம்மோடு பணியாற்றிய அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பல்வேறு சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு உருவானபின் அத்தகைய தடை ஏதுமில்லை என்றாலும், சீருடைக்கும் முகாமுக்கும் ஆகும் செலவு இன்றும் பல வீடுகளில் ஒரு தடையாகவே நிற்கிறது. உறுதிமொழி ஏற்பதற்கு முந்தைய தொடக்கப் பயிற்சிக் காலத்தில் சீருடையை வற்புறுத்தாமலும், மூத்தவர்களுக்குச் சிறியதாகிவிட்ட உடைகளைச் சேர்த்து வைத்து, பெறுபவனின் மனம் நோகாதபடி வழங்கியும் ஆசிரியர் அத்தடையை அகற்ற இயலும்.

பெற்றோரைச் சந்திப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. டியூஷன் நேரம் கெடுமா, முகாமில் இரவில் யார் உடனிருப்பார், ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வார்களா என்னும் கேள்விகள் அன்பிலிருந்து எழுவன. அவற்றுக்குத் தேதி, இடம், பொறுப்பாளர் ஆகிய விவரங்களோடு எழுத்திலேயே விடையளிக்க வேண்டும். குடியரசுத் தலைவர் விருதையும் ரயில்வே பணியில் சாரணர்க்குள்ள ஒதுக்கீட்டையும் பற்றிக் கேட்பவரிடம் உள்ளதை உள்ளபடி கூறலாம். எனினும் அவற்றையே தூண்டிலாக்கினால், சான்றிதழுக்காக வந்தவன் அது கையில் கிடைத்த மறுநாளே விலகிவிடுவான்.

சேர்ந்தவன் மூன்றாவது வாரமும் வருவதற்கு, அவன் வராவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலை அவனுக்கென இருக்க வேண்டும். அணியின் கயிறுகளைச் சுருட்டி வைப்பதோ முதலுதவிப் பெட்டியைச் சரிபார்ப்பதோ அவ்வேலையாக இருக்கலாம். ஒருநாள் அவன் வராதபோது, ஆசிரியர் சொல்லாமலேயே அவனுடைய அணியினர் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாயின், அந்தப் படை பத்துப் பேரோடு இருந்தாலும் வளரும் படையே. ஆண்டு இறுதியில் ஆசிரியர் தம் பதிவேட்டில் பெயர்களை எண்ணுவதற்கு முன், இவ்வாறு தட்டப்பட்ட கதவுகளை எண்ணிப் பார்ப்பாராக.